தனிமைக்கு டிக்கெட்

பாலைவனம் நம்மிடம் இல்லை, மலை இருக்கிறது. அதனால் தனிமை தேடுகிறவர்கள் திருவண்ணாமலைக்குக் கும்பலாக வருகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ரமணாசிரமம் இருக்கிற செங்கம் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். ‘மௌனம்’ என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒருவர், டீக்கு அரைச் சர்க்கரை போதும் என்பதைக் கைஜாடையில் விலாவாரியாக விளக்கிக்கொண்டிருப்பார். வைஃபை கடவுச்சொல்லுக்கு ஜாடை பத்தாது. அதற்குப் பேனா வெளியே வரும்.

இவர்களை இங்கே இழுக்கிற ரமண மகரிஷிக்கே தனிமை லேசில் வாய்க்கவில்லை. 1896இல், 16 வயதில் வந்தவர். கோயிலுக்குள் நிலவறையில் இருக்கிற பாதாள லிங்கச் சந்நிதியில் பூச்சி கடித்தது; பொடியன்கள் கல் எறிந்தார்கள். பிறகு மலையேறி விருபாட்ச குகைக்குப் போனார். பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும், குகைக்கு உரிமையுள்ள மடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. சாமி வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். வசூல்காரர் சளைக்கவில்லை, மரத்தையும் உள்ளே சேர்த்து எல்லையை நகர்த்திக்கொண்டார். சாமி வேறு குகைக்கு நடையைக் கட்ட, கூட்டமும் பின்னாலேயே போயிற்று. கல்லாவில் ஈ ஓட்டிய பிறகுதான் மடத்துக்கு ஞானோதயம்: கட்டணம் ரத்து, திரும்பி வாருங்கள் சாமி!

இன்றும் குகைக்குள் போகக் காசு கிடையாது. அடிவாரத்து வீட்டுக்காரர்கள் மட்டும் விவரமானவர்கள்: மலை தெரிகிற ஜன்னலுக்குத் தனி ரேட்.