கால் எட்டாதவர் கம்பம் வழியாகக் குமுளி போவது எப்படி?

முதல் பாடம் ஷோரூமில். துணைக்கு நெட்டையான நண்பரை அழைத்துப் போக வேண்டாம். விற்பனைப் பையன் உங்களிடம் பேசிக்கொண்டே சாவியை அவரிடம் நீட்டுவான். தனியாகப் போய் சீட் உயரம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஸ்ப்ளெண்டர் 785 மில்லிமீட்டர். எக்ஸ்பல்ஸ் 200 4வி, ஹிமாலயன் 450 இரண்டும் 825. "நாலு சென்டிமீட்டர்தானேண்ணே" என்பான் பையன். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே அந்த நாலு சென்டிமீட்டர்தான் என்பது ஆறடிக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஹிமாலயன் சீட்டை 845 வரைக்கும் உயர்த்திக்கொள்ளலாம் என்று கையேட்டில் வேறு போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிடவும்.

அகலத்தையும் பாருங்கள். புல்லட் 350 கணக்குக்கு 805தான். ஆனால் அகலமான சீட்டு தொடையை விரித்து, கால் நீளத்தில் பாதியை விழுங்கிவிடும். எக்ஸ்பல்ஸின் ஒடுங்கிய சீட்டு அந்த வகையில் நமக்கு உறவு.

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஊரே வைத்தியம் சொல்லும். சீட் கவர் கடைக்காரர், "பஞ்சைச் செதுக்கிருவோம்ணே" என்பார். செதுக்கிய பிறகு ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டுவதற்குள் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெயர் சொல்லும். மெக்கானிக், லிங்க்கை மாற்றிப் பின்பக்கத்தை இறக்கலாம் என்பார். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய உயரத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்து அறுப்பது இது. விந்திய மலையையே அமுக்கிய அகத்தியர் நம்ம உயரக்காரர்தான். ஆனால் அந்த மலைக்கு சைடு ஸ்டாண்ட் கிடையாது. வண்டியை இறக்கினால் ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி விறைப்பாக நின்று, லேசான காற்றுக்கே வலப்பக்கம் சாய்ந்துவிடும்.

ஓடும் வண்டிக்கு நம்ம உயரம் தெரியாது. நிறுத்தும்போதுதான் கண்டுபிடிக்கும். ஆகவே இனி வருவதெல்லாம் நிற்கிற கலை.

தேனி நேரு சிலை. மதுரை ரோடும் பெரியகுளம் ரோடும் கம்பம் ரோடும் கூடுகிற இடம், எந்த நேரமும் நிற்கத்தான் வேண்டும். இரண்டு கால் நுனியிலும் தொங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. பின்பக்கத்தைச் சீட்டிலிருந்து பாதி நழுவவிட்டு, ஒரே ஒரு காலை முழுப் பாதமும் பதிய ஊன்றுங்கள். எந்தக் கால்? தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். ஓரமாக ஒதுங்கி நின்று இடக்காலை நீட்டினால் அது பள்ளத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் முன்பிரேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வலக்காலை ஊன்றுவதே புத்தி. பக்கத்தில் மினி பஸ் நின்றால் அதன் மேல் கை வைத்துக்கொள்ளலாம், அது கிளம்புமுன் எடுத்துவிட வேண்டும். ஐந்தேகால் அடியைத் தாண்டாத டானி பெட்ரோசா மோட்டோஜிபியில் 31 பந்தயம் ஜெயித்தார் என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அவருக்கு வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் இருந்தது.

ஆனி, ஆடியில் காற்று அடிக்கும்போது, காற்று வருகிற பக்கமே வண்டியைச் சாய்த்து, அந்தப் பக்கக் காலையே ஊன்றவும். மறுபக்கம் ஊன்றினால் ஹிமாலயனின் 196 கிலோவோடு காற்றும் சேர்ந்து உங்கள் தொடையில் உட்காரும்.

உத்தமபாளையம் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். 1895-ல் பென்னிகுயிக் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பியதிலிருந்து இங்கே ரோட்டோரம் ஈரம்தான். சைடு ஸ்டாண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும். இதற்காக அவரைக் குறை சொல்லிவிடாதீர்கள். இந்தப் பக்கம் அவர் படத்தை வீட்டில் மாட்டி, பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேசாமல் ஒரு தட்டைக் கல்லை ஸ்டாண்டுக்கு அடியில் போடுங்கள். அந்தக் கல் பிறகு ஏறி உட்காரவும் உதவும்.

பின்னால் ஆள் ஏற்றுவதாக இருந்தால் சைடு ஸ்டாண்ட் போட்டிருக்கும்போதே ஏற்றவும். அத்தை சேலையைச் சரிசெய்து, கூடையை மடியில் வைத்து, "போலாம்யா" என்று சொன்ன பிறகுதான் வண்டியை நிமிர்த்த வேண்டும். இறங்கும்போது அத்தை முதலில். இந்த வரிசையை மாற்றினால் வரிசையே இருக்காது.

வண்டி சாய ஆரம்பித்துவிட்டால் தாங்கிப் பிடிக்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, கியரைப் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தொடை பலத்தில் தள்ளி நிமிர்த்தவும். இதற்கு உயரமே தேவையில்லை. சொல்லப் போனால் குந்துவதில் நாம் ஏற்கெனவே பாதி வேலையை முடித்தவர்கள்.

லோயர் கேம்ப் தாண்டியதும் மலை. (போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் மேல்படிப்பு, அது அப்புறம்.) ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு நமக்குச் சாதகம்: இடப்பக்கம் ரோடு மேடாக இருக்கும், கால் தானாக எட்டும். இடப்பக்கம் திரும்புவது வில்லங்கம். உள்பக்கம் சரிந்திருக்கும், இடக்கால் அந்தரத்தில், வலக்கால் பிரேக்கில். முன்னால் ஏலத்தோட்ட ஜீப் ஒன்று முக்கிக்கொண்டு போனால் வளைவுக்கு முன்பே சமதளத்தில் நின்று, அது திரும்பி முடிந்த பிறகு கிளம்பவும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், அவர்களுக்கு நாலு சக்கரம்.

கடைசியாகக் குமுளி செக்போஸ்ட். வண்டியை மேலிருந்து கீழாகப் பார்த்து, பிறகு உங்களைப் பார்த்து, "வண்டி யாரோடது, அப்பாவோடதா?" என்று கேட்பார்கள். உங்களுக்கு நாற்பது வயதாகியிருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர்சி புத்தகம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுக்க இறங்க வேண்டும், திரும்ப ஏற அங்கே கல் கிடையாது.