புதன்கிழமை ராத்திரி 11:59

ஆன்லைன் படிப்பில் மாணவர்களின் ஆர்வத்தைத் தக்கவைப்பது எப்படி என்று ஒரு பயிலரங்கம். கல்லூரியிலிருந்து என்னை அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்றால் லிங்க்கை அனுப்பினார்கள். கேமராவை அணைத்துவிட்டு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டேன். பத்துச் சதவீதம் முடித்தால் ஒரு நட்சத்திரம், பாதி முடித்தால் ஒரு பதக்கம், ஒரு வாரம் வராவிட்டால் ‘உங்களைக் காணாமல் ஏங்குகிறோம்’ என்று மின்னஞ்சல். இப்படி யோசனைகளுக்குக் குறைவில்லை. விடுதியில் தங்கிப் படித்தபோது என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு ஏங்கியதில்லை.

நம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-13-இல் நடத்திய 17 இணையப் படிப்புகளுக்கு மொத்தம் 8,41,687 பதிவுகள். சான்றிதழ் வாங்கியவை 43,196. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதிவு செய்ததோடு சரி, பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. உலகம் முழுக்க ஒரே பின்பெஞ்சுதான்.

எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரியில் நான் என்பிடெல் இணையப் படிப்புகளுக்கு மென்டர். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்துகிற பாடங்கள், அருமையான ஆசிரியர்கள். சேருவது இலவசம் என்பதால் வகுப்பே சேர்ந்துவிடும். தேர்வெழுத 1,000 ரூபாய் என்றதும் பாதி வகுப்புக்குப் பாடத்தின் பெயரே மறந்துவிடும். கட்டியவர்களுக்குத்தான் அதன்பிறகு படிப்பில் பக்தி வரும். அப்பாவின் ஆயிரம் ரூபாய்க்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது.

12 வாரப் படிப்பில் வாரம் ஒரு அசைன்மென்ட். அவற்றில் சிறந்த எட்டைத்தான் மதிப்பெண்ணுக்கு எடுப்பார்கள். உடம்பு சரியில்லாதவனுக்கும் வீட்டில் விசேஷம் உள்ளவனுக்கும் கருணையோடு செய்த ஏற்பாடு. எங்கள் பையன்கள் அதை நான்கு வார விடுமுறை என்று மொழிபெயர்த்து, முதல் வாரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள், கணிதத்தில் மட்டும் அரியர்.

வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். பேராசிரியர் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியில்தான் நமக்குப் புரிய ஆரம்பிக்கும். இரண்டு மடங்கில் அது கொட்டாவி விடக்கூடப் போதாது.

அசைன்மென்டுக்குக் கெடு, புதன்கிழமை ராத்திரி 11:59. பத்தரைக்கு நான் குழுவில் ‘யார் யார் இன்னும் போடவில்லை?’ என்று கேட்பேன். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள். போட்டாயிற்று என்றா, பார்த்தாயிற்று என்றா, கட்டைவிரல் சொல்லாது. பதினொன்றே முக்காலுக்கு ‘சார், லிங்க் ஓபன் ஆகல’ வரும். ஓபன் ஆகாத அதே லிங்க் ஒரு வாரமாக அங்கேயே கிடக்கிறது.

ஒரு புதன்கிழமை பொறுக்க முடியாமல் ஒருவனுக்குப் போன் போட்டேன். அவன் அம்மா எடுத்தார். “தம்பி தூங்கறானுங்க சார். எழுப்பட்டுங்களா?” எழுப்பச் சொன்னேன். அந்தப் பக்கம் என்ன நடந்ததோ, பதினோரு நிமிடத்தில் அசைன்மென்ட் வந்தது. அடுத்த புதன் சாயங்காலமே அந்த அம்மா கூப்பிட்டார். “புதங்கிழமை புதங்கிழமை என்னமோ போடோணுமாமுங்களே. போட்டாத்தான் சோறுன்னு சொல்லிப்போட்டேனுங்க.” நட்சத்திரமும் பதக்கமும் செய்ய முடியாததை அந்த ஒரு தட்டுச் சோறு செய்தது. அவன் கடைசியில் ‘எலைட்’ சான்றிதழ் வாங்கினான். அதற்கு நூற்றுக்கு அறுபது வேண்டும்.

என்னைக் கேட்டால், திரைக்குள் இருக்கிற நல்ல ஆசிரியரோடு, திரைக்கு வெளியே ‘முடிச்சிட்டியா?’ என்று கேட்க ஓர் ஆளும் வேண்டும். பயிலரங்கத்தில் இதைச் சொல்லக் கையை உயர்த்தினேன். கேமரா அணைந்திருந்ததாலோ என்னவோ, யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே பாடம் நடத்தும் பெரியவர்களுக்கு இங்கேயே ஒரு விண்ணப்பம். தயவுசெய்து அந்த 11:59-ஐச் சாயங்காலம் ஏழு மணியாக்குங்கள். சோறு போடும் நேரமும் அதுதான். பையன்கள் படிப்பார்களோ இல்லையோ, மென்டர்கள் தூங்குவோம்.