மறுநீக்கியல்: முகமாசு அகற்றும் கலை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனவர் எவரும் தம் சொந்த முகத்தோடு வீடு திரும்பியதில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இதற்கு முதற்சான்று ஆய்வாளனே. சென்ற ஆண்டு எட்டு காப்பி வாங்கினேன். எட்டிலும் என் வலது கன்னத்து மச்சத்தைக் காணவில்லை.

"அண்ணாச்சி, இங்கன ஒரு மச்சம் இருந்துச்சே?"

"அத எடுத்தாச்சு. அதுக்குத் தனியாக் காசு கிடையாது."

ஐம்பது ஆண்டு உடனிருந்த ஒன்றைப் பறிகொடுத்தவனிடம், பறித்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை வேறு எத்தொழிலிலும் இல்லை. அன்றே இத்துறையில் இறங்கினேன். துறைக்கு மறுநீக்கியல் என்று பெயரிட்டேன். தொழிலோர் வழக்கில் இது 'டச்சப்'.

2. சொல்லாராய்ச்சி

மரு வேறு, மறு வேறு. இடையின ரகரத்து மரு தோலின்மேல் எழுந்து நிற்பது, விரலால் நெருடலாம். வல்லின றகரத்து மறு கறை, களங்கம். கண்ணால் மட்டுமே காணலாம். 'மாசுமறுவற்ற முகம்' என்கையில் வருவது பின்னது. இவ்வேறுபாடு அறியாமல் எழுதுவோர் பலர். அவர்களை இவ்வாய்வு மன்னிக்கிறது.

மறு என்பதற்குப் பொருள் மூன்று. கறை என்பது ஒன்று. மறுத்துவிடு என்பது இரண்டு. மறுநாள், மறுபடி, மறுவீடு என்பவற்றில் வரும் 'மீண்டும்' என்பது மூன்று. மறுவை மறுப்பதே டச்சப் ஆதலின் முதலிரண்டும் இத்துறைக்கு உரியன. மூன்றாவதற்கும் இத்துறைக்கும் தொடர்பில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

வள்ளுவர் இதில் இரு பக்கமும் நின்றவர். குடிமை அதிகாரத்தில், நல்ல குடியில் பிறந்தவரின் குற்றம் நிலவின் மறுப்போலப் பளிச்சென்று தெரியும் என்கிறார் (957). காமத்துப்பாலுக்கு வந்ததும், நிலவுக்கு இருப்பதுபோல் இவள் முகத்தில் மறு உண்டா என்று தலைவனைக் கேட்க வைக்கிறார் (1117). பெரிய மனிதருக்கு ஒரு நீதி, காதலிக்கு ஒரு நீதி. ஸ்டுடியோக்காரர் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே: "மாப்பிள வீட்டுக்குக் குடுக்கவா, ஆபீசுக்கா?"

3. வகையும் அளவும்

இத்துறைக்கு இலக்கணம் இல்லாமையால் யானே ஒரு நூற்பா செய்தேன்.

பருவும் மருவும் மச்சமும் வடுவும்
தேமலும் மங்கும் கருவளை யமுமென
எழுவகைத் தென்ப முகத்தின் மாசே;
இல்லா மாசை இருப்பெனக் கொண்டு
சொல்லா தழித்தலும் தொழிலோர்க் குரித்தே.

இதன் உரை: 'என்ப' என்றது யாரை எனின், ஸ்டுடியோக்காரரை என்க. பரு வந்து போவது. இரண்டு வாரத்தில் உடம்பே செய்யப்போகும் வேலையை முன்கூட்டிச் செய்வதால் பருவழித்தல் குற்றமன்று. மச்சம் வந்து தங்குவது, ஆகையால் உடைமை. வடு வரலாறு உடையது. சைக்கிள் பழகிய மாதம், அம்மை போட்ட ஆண்டு, அண்ணன் எறிந்த பம்பரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கருவளையம் தூக்கம் கெட்டவர்க்கு வருவது. வைகாசி முகூர்த்த நாட்களில் இரவு இரண்டு மணிவரை மணமகளின் கருவளையத்தை அழித்துக்கொண்டிருந்த பையனின் கண்ணடியில் அதைவிட அடர்ந்த வளையம் இருந்ததை நேரில் கண்டேன். அதை அழிப்பார் இலர்.

தேமலில் ஒரு சிக்கல் உண்டு. சங்கப் புலவர்கள் பெண்ணின் மேனியில் படரும் புள்ளிகளைச் சுணங்கு என்று கொண்டாடினார்கள். வேங்கைப் பூவோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார்கள். அன்று உவமை தேடியதற்கு இன்று களிம்பு தேடுகிறோம். அத்தலைவியர் எங்கள் ஊர் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தால் அகப்பாடல்களில் கணிசமான அடிகள் காலியாகியிருக்கும். ஈற்றடிகள் இரண்டும் கருதியது, அழிக்க ஒன்றும் இல்லாத முகம் அமைந்தாலும் பழக்கம் காரணமாகக் கை சும்மா இராது என்பது.

அளவைப் பொறுத்தமட்டில், சிறுகடுகு எட்டு ஓர் எள், எள் எட்டு ஒரு நெல், நெல் எட்டு ஒரு விரல் என்பது பழைய நீட்டலளவை வாய்பாடு. என் மச்சம் உளுந்தளவு. உளுந்து இவ்வாய்பாட்டில் இல்லை. அது வாய்பாட்டின் குறை. ஆகவே புதிய அளவைக்குப் போவோம். 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் 413 பெருக்கல் 531, ஆக 2,19,303 புள்ளிகள். நான்கு மி.மீ. மச்சம் அப்படத்தில் ஏறக்குறைய எட்டுப் புள்ளி அகலத்துக்குச் சுருங்கும். பரப்பில் ஐம்பது புள்ளி. இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்தில் ஐம்பது. அந்த ஐம்பதுதான் அண்ணாச்சியின் கண்ணை உறுத்தியிருக்கிறது.

4. வரலாறு

பழியைக் கணினிமேல் போடுவது வரலாறு அறியாதார் செயல். முதற்குற்றவாளி கேமராவே. வெள்ளி உப்புப் பூசிய தொடக்ககாலத் தகடுகளுக்கு நீல ஒளிதான் நன்கு உறைத்தது; சிவப்பு உறைக்கவில்லை. எனவே நேரில் இலேசாகச் சிவந்திருந்த பரு படத்தில் கரும்புள்ளியாக விழுந்தது. இல்லாத கருமையைக் கேமரா ஏற்றியது. அதை இறக்க ஒரு ஆள் தேவைப்பட்டான். டச்சப் பிறந்தது பொய் சொல்ல அன்று, கேமரா சொன்ன பொய்யைத் திருத்த. பின்னர் அது தன் சொந்தப் பொய்களைச் சொல்லத் தொடங்கியது வேறு கதை.

1855ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் ஒரே ஆளின் படத்தைத் திருத்துமுன்னும் திருத்தியபின்னும் அருகருகே வைத்துக் காட்டினார். கூட்டம் வியந்தது. நெகட்டிவைத் திருத்தலாம் என்று தெரிந்தபின் படம் எடுத்துக்கொள்ள மக்களுக்குத் துணிவு வந்தது.

செயல்முறை நுட்பமானது. நெகட்டிவில் உலகம் தலைகீழ். கரிய மச்சம் அங்கே வெளிச்சப் பொட்டாகத் தெரியும். சாய்மேசையில் பதித்த தேய்த்த கண்ணாடியின்மேல் நெகட்டிவை வைத்து, அடியில் ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்து, சன்னல் வெளிச்சத்தை அதில் வாங்கி மேலே அனுப்புவார்கள். ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்த வெளிச்சப் பொட்டின்மேல் நுண்புள்ளிகளாக இட்டு அடைத்தால் அச்சில் அவ்விடம் வெளுக்கும். முகத்தில் கரி பூசியே முகத்தை வெளுக்க வைத்த தொழில் உலகில் இது ஒன்றே.

அரசுகளும் பின்தங்கவில்லை. ஸ்டாலினின் அம்மைத் தழும்புகள் அரசு வெளியிட்ட படங்களில் வழித்தெடுக்கப்பட்டன. 1985இல் கோர்பச்சேவ் பதவிக்கு வந்தபோது, உலகமே அவரை அடையாளம் கண்ட நெற்றி மறு அதிகாரபூர்வப் படங்களில் இல்லை. அணுகுண்டு வைத்திருந்த நாட்டுக்கும் ஒரு மச்சம் அச்சமூட்டியிருக்கிறது.

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் நோல், சாம்பல்நிறப் படத்தைத் திரையில் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிகளில் வேலைபார்த்த தம்பி ஜான் அதைக் கண்டு விடவில்லை. இருவர் உழைப்பும் சேர்ந்து 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப் ஆயிற்று. பென்சில் சீவிய கைகள் எலியைப் பிடித்தன.

5. கருவியும் மச்ச நியாயமும்

முதலில் வந்தது ஸ்டாம்ப். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நல்ல தோலில் ஒரு சொடுக்கு. பிறகு கெட்ட தோலில் ஒரு சொடுக்கு. நல்லது அப்படியே பெயர்ந்து வந்து கெட்டதை மூடும். ஆனால் நெற்றித் தோலின் நிறம் வேறு, கன்னத் தோலின் நிறம் வேறு. வெள்ளை வேட்டியில் பழுப்புத் துணி ஒட்டுப் போட்டதுபோல் அது காட்டிக்கொடுத்தது.

2002இல், ஏழாம் பதிப்பில், ஹீலிங் பிரஷ் வந்தது. இது தேர்ந்த தையற்காரர். கடன்வாங்கும் இடத்திலிருந்து தோலின் நெசவை, அதாவது மயிர்க்கால் மேடுபள்ளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிறத்தையும் வெளிச்சத்தையும் மச்சத்தின் அக்கம்பக்கத்தாரிடமே கேட்டுக்கொள்ளும். 2005இல் வந்த ஸ்பாட் ஹீலிங் பிரஷ் யாரிடமும் கேட்பதில்லை. புள்ளிமேல் தொட்டால் போதும். எங்கே கடன் வாங்குவது என்பதை அதுவே முடிவுசெய்யும். பொறுமையற்றவர்கள் இவை இரண்டையும் விட்டு, முகம் முழுவதையும் மங்கலாக்கி மெழுகிவிடுவார்கள். அப்போது மச்சத்தோடு மயிர்க்காலும் மறையும். மார்கழித் திண்ணைபோல் வழவழப்பு மிஞ்சும். என் அத்தையின் ஒற்றைக்கல் மூக்குத்தி இவ்வாறு ஒரு கைப்பேசிக்குப் பலியானது. கல்லின் பளபளப்பைக் கைப்பேசி எண்ணெய் வழிசல் என்று கருதியிருக்க வேண்டும்.

இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இனி வருகிறது. சுற்றுவட்டார நிறத்தை எல்லையில் மாறாமல் நிறுத்தி, உள்ளே வேறிடத்து நெசவை இழையவிடும் கணக்குக்கு வழிகாட்டும் சமன்பாடு ஒன்று உண்டு. 2003இல் பாட்ரிக் பெரெஸ் முதலிய மூவர் அதைக் கொண்டு படத்தில் படம் ஒட்டும் முறையை வெளியிட்டார்கள். அதன் பெயர் புவாசோன் சமன்பாடு. 1840இல் மறைந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் சிமியோன் தெனி புவாசோனின் பெயர். பிரெஞ்சில் புவாசோன் என்றால் மீன். மீனுக்குத் தமிழில் மச்சம் என்றும் பெயர். மச்சாவதாரம் அறியாதார் இல்லை. ஆக, மச்சத்தை நீக்கும் சமன்பாட்டின் பெயரே மச்சம். முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் மச்சத்தை மச்சத்தால் எடுக்கிறோம். இதற்கு மச்ச நியாயம் என்று பெயர் வைக்க எண்ணினேன். பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதற்கு அப்பெயர் முன்னமே வழங்குகிறதாம். பொருத்தம் குறையவில்லை.

6. சமூகத்தில் மறு

தமிழ்க் குடும்பம் மறுவின்பால் கொண்ட கொள்கையில் உறுதி இல்லை. ஆறுமாதக் குழந்தையைப் படம் எடுக்கப் போகையில், மாசில்லாத அந்தக் கன்னத்தில் மையால் ஒரு புள்ளி வைக்கிறார்கள். திருஷ்டி கழிய மறு வேண்டும். இருபத்தைந்து ஆண்டு கழித்து, அதே கன்னத்தில் இயற்கையாக வந்த புள்ளியை அழிக்க அதே தாய் ஸ்டுடியோவில் நிற்கிறாள். வரன் அமைய மறு கூடாது. இடைப்பட்ட காலத்தில் கண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

அரசின் கொள்கையோ வேறு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுத வேண்டும், ஒன்றல்ல, இரண்டு. பத்தாம் வகுப்பில் சார் ஒவ்வொருவனாக அழைத்து, "எங்கலெ இருக்கு?" என்று சட்டையை விலக்கித் தேடியதை என் தலைமுறை மறக்காது. மச்சம் ஒன்றுக்குமேல் இல்லாதவர்களுக்கு முழங்காலில் ஒரு தழும்பு எழுதப்பட்டது. எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு இடது முழங்காலில் தழும்பு. எனக்கு எழுதியது: வலது கன்னத்தில் ஒரு மச்சம்.

ஆக, என்னை நான் என்று நிறுவும் தாளில் அந்த மச்சம் உண்டு. அத்தாளோடு சேர்த்துக் கொடுக்கும் படத்தில் இல்லை. அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிப்போர் இரண்டு அங்குலச் சதுரப் படம் தர வேண்டும். அதைக் கணினியில் மாற்றியிருக்கக் கூடாது என்பது விதி. இவ்விதியை அண்ணாச்சியிடம் எடுத்துரைத்தேன்.

"மாத்தலியே அண்ணாச்சி. நல்லாத்தான் ஆக்கிருக்கேன்" என்றார்.

7. எதிர்ச்சான்று

கருதுகோளுக்கு எதிரான சான்றை மறைப்பது ஆய்வறம் ஆகாது.

எங்கள் ஆச்சி காலமானபோது, பெரிதாக்கி மாட்டத் தோதாக இருந்தது ஒரே ஒரு படம். ஒரு கல்யாணவீட்டில் எடுத்தது. ஸ்டுடியோக்காரர் இரவோடிரவாக வேலை முடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். நெற்றியில் சுருக்கம் இல்லை. கண்ணடியில் கருமை இல்லை. இடது மூக்கோரம் மிளகளவு இருந்த மருவும் இல்லை. மாலை போடக் கையெடுத்த பெரியப்பா நின்றுவிட்டார்.

"யாருய்யா இது?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சின்னத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மையோட மரு எங்கெ?" என்றாள். ஆச்சி எங்களுக்குச் சோறூட்டிய காலத்தில், நாங்கள் வாய் திறக்காமல் அடம்பிடித்தால், அந்த மருவை அழுத்தி 'கிணிங்' என்று மணியடிக்கச் சொல்வாள். மணி அடித்தால் ஒரு வாய் வாங்க வேண்டும். பதினோரு பேரப்பிள்ளைகள் அழுத்திய மணி அது.

திரும்ப வைக்கச் சொன்னோம். ஸ்டுடியோக்காரர் தலையைச் சொறிந்தார். திருத்தியதை அதே பெயரில் சேமித்திருந்தார், மூலப்படம் போயிற்று. கொஞ்சநேரம் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றவர், பெரியப்பாவைக் கைகாட்டினார். அவருக்கும் அதே மரு, அதே அளவு, வலது மூக்கோரம். அவரை வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்து, இடவலம் திருப்பி, ஆல்ட் விசையை அழுத்தி மகனின் முகத்தில் ஒரு சொடுக்கு. விரலை எடுத்துத் தாயின் முகத்தில் ஒரு சொடுக்கு. அழிக்கவென்று வாங்கிய கருவியால் அன்று அவர் ஒன்றை நட்டார்.

ஆச்சி வந்துவிட்டாள். பெரியப்பா மாலையைப் போட்டார்.

மறு என்ற சொல்லுக்கு 'மீண்டும்' என்றும் பொருள் உண்டு என்பது இரண்டாம் பகுதியிலேயே கூறப்பட்டது.