சிக்கன் 66

"சார், சிக்கன் 65 ஒண்ணு போட்டுரட்டுமா?"

திருச்சியில் ஒரு பிரியாணிக் கடை. ஞாயிறு மதியம். அடுத்த பந்திக்கு ஆட்கள் எங்கள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். என் மச்சினன் மெனு அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பரிமாறுபவரை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, 65 பழைய கணக்கு. இப்போ 66."

விளக்கம் தொடங்கியது. கோழி டைனோசர் வம்சம். அதன் பங்காளிகள் அழிந்தது 65 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்று நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். ஆர்கான் வாயுவை அளந்து பாறைக்கு வயது சொல்லும் முறை நுட்பமாகிக்கொண்டே வந்ததில், 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அது 66 மில்லியன்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டது. மெனுவில் இருக்கும் 65-க்கும் இந்த 65-க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கோழிக்குப் பக்கத்தில் ஒரு தவறான எண் இருந்தால் அவனால் சாப்பிட முடியாது.

பரிமாறுபவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "66 நம்ம கடையில இல்ல சார். லாலிபாப் வேணா தரட்டுமா?"

இவனைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பகலில் வங்கி, பள்ளிக்கூடம், மருந்துக் கம்பெனி என்று ஏதோ ஒரு பிழைப்பு. இரவு சாப்பாடு முடிந்ததும் கணினியைத் திறந்து, விக்கிப்பீடியாவில் டைனோசர்களுக்குக் கணக்கு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். சம்பளம் கிடையாது. கட்சித் தொண்டருக்காவது ஒரு பொட்டலம் பிரியாணி உண்டு. இவர்கள் தங்கள் காசில் சாப்பிட்டுவிட்டு, தங்கள் மின்சாரத்தில், தங்கள் தூக்கத்தை விற்று வேலை பார்க்கும் எலும்புத் தொண்டர்கள். ஒரு வாக்கியம் எழுதினால் அதற்குக் கீழே ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சான்றாக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இன்னொரு தொண்டர் எங்கிருந்தோ வந்து 'மேற்கோள் தேவை' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்.

இவர்கள் வாழ்வின் பெருந்துயரம், செத்துப்போன விலங்குகள் சும்மா கிடப்பதில்லை என்பதுதான். பிராண்டோசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1879-இல் பெயர் வைத்தார்கள். 1903-இல், இது ஏற்கெனவே பெயர் வைத்த அபடோசாரஸ்தான் என்று சொல்லிப் பெயரை நீக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர் மாதிரி அது 112 வருடம் காத்திருந்தது. 2015-இல் மூன்று ஆய்வாளர்கள் வந்து, இல்லை, இது வேறுதான் என்று மீண்டும் சேர்த்தார்கள். அந்த வாரம் என் மச்சினன் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டான். காரணம் என்ன எழுதினாய் என்று கேட்டேன். "குடும்ப விசேஷம்னு போட்டேன் மாமா."

அதைவிடப் பெரிய சண்டை கை விஷயத்தில். இரண்டு காலில் நடந்த இறைச்சி தின்னும் டைனோசர்களைப் பழைய படங்களில் உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி, பியானோ வாசிக்கப் போவதுபோல வரைந்திருப்பார்கள். அவற்றின் மணிக்கட்டு அப்படித் திரும்பாது. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், கைதட்டப் போவதுபோல. ஓவியர்கள் வரைந்து கொண்டுவரும் படங்களை ஏற்பதா வேண்டாமா என்று தொண்டர்கள் கூடிப் பேசுமிடத்தில் முதல் கேள்வியே கையைப் பற்றித்தான். நமக்கு இது நகைப்பாக இருக்கலாம். என் மகளுக்கு இருக்கவில்லை. அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு யாரோ ஒரு பிளாஸ்டிக் டி-ரெக்ஸ் கொடுத்தார்கள். மாமன்காரன் அதைக் கையில் வாங்கி, விரல்களை எண்ணினான். மூன்று. டி-ரெக்ஸுக்கு இரண்டுதான். சமையலறைக்குப் போனான். ஒரு டம்ளரில் வெந்நீர் எடுத்து பொம்மையின் கைகளை அதில் முக்கி, இளகியதும் உள்நோக்கித் திருப்பினான். பிறகு நகவெட்டியால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு விரலை நறுக்கினான். குழந்தை வீரிட்டு அழுதது. "இப்பதான் கண்ணு இது டி-ரெக்ஸ்" என்று திருப்பிக் கொடுத்தான்.

இதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். அவனுடைய பகல் பிழைப்பு டிஜிட்டல் தடயவியல். வழக்கு, தகராறு என்று வரும் கைபேசிகளிலும் ஹார்டு டிஸ்குகளிலும் அழித்துவிட்ட கோப்புகளைத் தோண்டி எடுப்பது. அவன் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் பெயரே 'ஆட்டாப்ஸி'. பிரேதப் பரிசோதனை. பகலில் டிஸ்கின் பிரேதம், இரவில் பல்லியின் பிரேதம். அவன் அம்மா ஊரில் யார் கேட்டாலும் "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இந்தத் தடயவியல் கருவிகள் வருடத்துக்கு வருடம் கூர்மையாகிவருவது நாட்டுக்கு நல்லது. குடும்பத்துக்கு அவ்வளவு நல்லதில்லை. முன்பெல்லாம் ஒரு படத்துக்கு 'ஹாஷ்' என்று ஒரு நீளமான அடையாள எண் எடுப்பார்கள். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். திருடியவன் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் தப்பித்துவிடுவான். இப்போது படத்தின் சாயலை வைத்தே எண் போடும் முறை வந்துவிட்டது. சுருக்கினாலும், நிறம் மாற்றினாலும், இது அதன் உடன்பிறப்பு என்று சொல்லிவிடுகிறது. அதற்கும் மேலே ஒன்று உண்டு. ஒவ்வொரு கேமராவின் உணரியிலும் உற்பத்தியிலேயே நுண்ணிய ஏற்றத்தாழ்வு இருக்கும். அது எடுக்கும் எல்லாப் படத்திலும் கைரேகை மாதிரி ஒரு இரைச்சலாகப் பதிந்துவிடும். அமெரிக்காவில் ஜெசிகா ஃபிரிட்ரிச் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 2000-களின் நடுவில் இதைப் பிரித்தெடுக்க வழி சொன்னார்கள். இந்தப் படத்தை இந்தக் கேமராதான் எடுத்தது என்று சொல்லலாம். என் மச்சினன் அவரைப் பற்றிப் பேசும்போது குரலே தாழ்ந்துவிடும்.

2020 அக்டோபரில் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டும்போது டைனோசர் முட்டைகள் கிடைத்தனவாம். உருண்டை உருண்டையாகக் கல். பெரியப்பா மூன்று கைகூப்பும் பொம்மை போட்டு, "தமிழன் பெருமை" என்று எழுதியிருந்தார். சித்தி ஒரு இதயம். நான் ஒரு கட்டைவிரல். ஐந்து நிமிடத்தில் மச்சினன் வந்தான்.

"பெரியப்பா, இந்தப் படத்தை டாக்குமெண்டா அனுப்புங்க."

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. நிலப் பத்திரம் எதையோ கேட்கிறான் என்று நினைத்து, "அது உன் அப்பாகிட்டதான் இருக்கு" என்று பதில் போட்டார். விஷயம் என்னவென்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், எந்த நாள், எந்த இடம், எந்தக் கேமரா என்று கோப்புக்குள் எழுதியிருக்கும் குறிப்பையெல்லாம் அது துடைத்துவிட்டுத்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் குறிப்பு அப்படியே வரும். அப்படியே பெரியப்பா அனுப்பியிருந்தாலும் பயனில்லை. அவருக்கே அது பதினாறாவது கையாக வந்திருக்கும்.

அதற்குள் நிலவியல் தெரிந்தவர்கள் நேரில் பார்த்து, முட்டையும் இல்லை கோழியும் இல்லை, ஒரு காலத்தில் இங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள் சம்பந்தப்பட்ட படிவம் என்று சொல்லிவிட்டார்கள். மச்சினன் அதைக் குழுவில் போட்டான். பெரியப்பா குழுவிலிருந்து வெளியேறினார். தீபாவளிக்குத்தான் திரும்பி வந்தார்.

"ஊரே நம்புறப்போ உனக்கு மட்டும் என்னடா?" என்று அவன் அக்கா, அதாவது என் மனைவி, கேட்டாள். இப்படிக் கேட்டால் ஒரு கதை வரும் என்பதை மறந்துவிட்டாள். வந்தது. 1999-இல் நேஷனல் ஜியோகிராபிக் பத்திரிகை, டைனோசருக்கும் பறவைக்கும் நடுவில் ஓர் உயிர் கிடைத்துவிட்டது என்று 'ஆர்க்கியோராப்டர்' என்ற பெயரோடு கட்டுரை வெளியிட்டது. அந்தப் புதைபடிவம் சீனாவின் லியோனிங் பகுதியிலிருந்து கைமாறி, அமெரிக்காவில் டூசான் நகரக் கல் சந்தையில் 80,000 டாலருக்கு விலைபோனது. டெக்சாஸில் அதை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்த டிமதி ரோ, துண்டுகளை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகை வருவதற்கு முன்பே எச்சரித்திருந்தார். பிறகு சீன ஆய்வாளர் சூ சிங், அதே வாலின் மறுபாதி வேறொரு விலங்கோடு ஒட்டியிருப்பதைத் தன் நாட்டிலேயே கண்டுபிடித்தார். மேலே பறவை, வால் குட்டி டைனோசர். "ஸ்கேன் பண்ணியும் கேட்கலைக்கா!" என்று மேசையைத் தட்டினான். ரசம் தளும்பியது.

அடுத்த கதையும் உடனே வந்தது. பிரேசிலில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்கு, விற்றவர்கள் விலை கூடட்டும் என்று மூக்கை நீட்டி ஒட்டியிருந்தார்கள். அதைச் சுரண்டிச் சரிசெய்து அலுத்துப்போன ஆய்வாளர்கள் 1996-இல் அதற்கு 'இரிட்டேட்டர்' என்றே பெயர் வைத்தார்கள். எரிச்சலூட்டி. எங்கள் வீட்டிலும் அந்தப் பெயருக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று என் மனைவி முணுமுணுத்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் சந்தேகத்தில் ஓரவஞ்சனை கிடையாது. அவனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்து பெண்ணின் அப்பா மகிழ்ச்சியாக, "தம்பி போட்டோல பார்த்த மாதிரியே இருக்காப்ல" என்றார். எங்கள் அத்தை பெருமையாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லீங்க" என்றான் மாப்பிள்ளை. "அந்தப் படம் ஏழு வருஷத்துக்கு முந்தி எடுத்தது. கோப்புல தேதி இருக்கு. நெத்திகிட்ட வேற கொஞ்சம் முடி சேர்த்திருக்காங்க, அந்த இடத்துல மட்டும் அழுத்தம் வேற மாதிரி இருக்கும். அம்மாதான் ஸ்டுடியோவுல சொல்லிருப்பாங்க."

அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன். மின்விசிறி மட்டும் சுற்றியது. உள்ளறை வாசலில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் நடந்தது. இப்போது அவள் சொல்கிறாள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ போலந்துக்காரரோட சண்டை அண்ணா, ஒரு வால் எத்தனை மீட்டர்னு. எந்தப் பொண்ணுக்கும் இப்படி ஒரு புருஷன் மேல சந்தேகமே வராது."

போன பொங்கலுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுக்குப் போனான். நமக்கு அரியலூர் என்றால் சிமெண்ட். அந்தச் சுண்ணாம்புக்கல்லே பழைய கடலின் மிச்சம். அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேருடம்புப் பல்லி. கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர், என்னைவிட உயரம். முதலில் இறைச்சி தின்பது என்று எழுதினார்கள்; பிறகு இது நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று மற்றவர்கள் திருத்தினார்கள். எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சந்தேகத்தில் நியாயம் இல்லாமலில்லை. பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. எலும்பை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எடுக்க எலும்பு இல்லை. நொறுங்கும் பதத்தில் இருந்த அது மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து போய்விட்டது. நெடுங்காலம் கோட்டுப் படங்கள்தான் மிச்சம். 2022-இல்தான் பழைய புகைப்படங்கள் சிலவற்றை ஒரு நிலவியல் இதழில் வெளியிட்டார்கள்.

"மாப்ள, அந்தப் போட்டோவை உன் மெஷின்ல போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஃபிலிம் காலத்துப் படம் மாமா. தேதி கிடையாது, இடம் கிடையாது. கேமரா ரேகை எடுத்தா ஸ்கேனரோட ரேகைதான் கிடைக்கும்." வரப்பில் உட்கார்ந்து கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கினான், சுருக்கினான், மறுபடி பெரிதாக்கினான். நகவெட்டியோ வெந்நீரோ கேட்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "என்ன தம்பி, பிளாட்டு போடப் போறீங்களா?"

"இல்லீங்கய்யா. இங்க ஒரு பெரிய மிருகத்தோட எலும்பு இருந்துச்சு. அதைப் பத்தி எழுதிட்டிருக்கேன்."

"எலும்பு எங்க இருக்கு?"

"கரைஞ்சு போச்சுங்க."

"அப்ப எதைப் பார்த்து எழுதுற?"

"மேற்கோள் இருக்குங்கய்யா" என்றான் மச்சினன்.

பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நானும் அவரை அப்படியே பார்த்தேன்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் இருப்பவர்களுக்கு மச்சினன் சார்பில் ஒரு வேண்டுகோள். வயலிலோ ஓடையிலோ விசித்திரமான கல் தென்பட்டால் பெயர்த்து எடுக்காதீர்கள், மஞ்சள் பூசிப் பொட்டும் வைக்காதீர்கள். பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரிய வேண்டும். அனுப்பும்போது மறக்காமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.