நட்டு யானை

மூர் மார்க்கெட் லோக்கல் கும்மிடிப்பூண்டியிலேயே புறப்படுவதால், சிப்காட்டில் ஷிப்ட் விட்டு வரும் எங்களுக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும். 1998இல் அதுதான் எங்கள் செஸ் கிளப். கவரைப்பேட்டை வருவதற்குள் மடக்குப் பலகையை முழங்கால் மேல் விரித்துவிடுவோம். பலகை தகரம், காய்களின் அடியில் காந்தம். ஒரு கறுப்பு யானை பொன்னேரியில் ஜன்னல் வழியே விழுந்து தொலைந்தது. மறுநாள் அண்ணன் ஒரு எம்12 நட்டோடு வந்தார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் சில்லு ஒன்றை அடியில் ஒட்டியிருந்தார். பிரேக் அடித்து மற்ற காய்கள் சறுக்கினாலும் நட்டு யானை அசையாது.

அண்ணன் ஃபிட்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ராணியை வெட்டுக்கொடுக்கப் போனால், "பார்த்து ஆடுப்பா" என்பார். ஆட்டம் திருவொற்றியூர் வரை போக வேண்டும் அவருக்கு.

இப்போது நைட் ஷிப்ட் டீ பிரேக்கில் போனில் செஸ் ஆப்பைத் திறந்தால் யாரோ ஒரு பிரேசில்காரர் கிடைக்கிறார். மூன்று நிமிட ஆட்டம். தோற்றால் எந்த இடத்தில் தப்பு என்று உடனே காட்டுகிறது. என் ஆட்டம் தேறியிருக்கிறது, மறுக்க மாட்டேன்.

ஒருநாள் இரண்டு கட்டம் தாண்டிய என் சிப்பாயை, பக்கத்தில் நின்ற சிப்பாய் பின்பக்கமாகக் குறுக்கே வந்து வெட்டியது. ஆப் கோளாறு என்று நினைத்தேன். ஆன் பாசான் என்று அப்படி ஒரு விதியே இருக்கிறதாம். நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் ஒவ்வொரு கட்டமாகத்தான் நகரும். அதில் இந்த விதிக்கு வேலையில்லை. 1929இல் பிரிட்டிஷ் சாம்பியனான மீர் சுல்தான் கான்கூட அந்த ஆட்டத்தில் வளர்ந்தவர்தான். நாங்கள் இரண்டு கட்டத்தை மட்டும் யாரிடமோ கற்றுக்கொண்டிருந்தோம். அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப அன்னிக்கு அத்திப்பட்டுல நான் ஜெயிச்சிருப்பேனே" என்றார்.

2020 ஆகஸ்ட் 30, ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதிச்சுற்று. நம் அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்கிற்கும் நடு ஆட்டத்தில் இணைப்பு அறுந்தது. முறையீட்டுக்குப் பின் இந்தியா, ரஷ்யா இரண்டுக்கும் தங்கம். அன்று இரவு அண்ணனுக்கு மனசே ஆறவில்லை. "பலகை கவிழ்ந்தா நாம திரும்ப அடுக்கிட்டு ஆடுவோமேப்பா."

நிஜம்தான். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றது என்று இருவருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு தடவைகூடத் தகராறு வந்ததில்லை.

ரிட்டயராகி இப்போது திருவள்ளூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில்தான் ஆடுகிறோம், ஒரு காய் நகர்த்த ஒரு நாள் அவகாசம். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி அங்கே போகிறேன். பலகையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.