தேற்றவும் அதே மாவு, இளைக்கவும் அதே மாவு

அமெரிக்காவின் மீட் ஜான்சன் கம்பெனி, நோயாளிகள் உடம்பு தேற சஸ்டஜென் என்றொரு சத்துமாவு விற்றுவந்தது. எலும்பும் தோலுமாகக் கிடப்பவரை எழுப்பி உட்கார வைக்கும் மாவு. திடீரென்று கம்பெனிக்கு ஞானோதயம்: நோஞ்சான்களை நம்பி எத்தனை காலம் கடை நடத்துவது? நாட்டில் குண்டானவர்களல்லவா ஏராளம்! 1959-ல் அதே மாவைக் கொஞ்சம் திருத்தி, மெட்ரிகால் என்று பெயர்சூட்டி இறக்கினார்கள். பால்பவுடர், சோயாமாவு, வைட்டமின். நாளைக்கு 900 கலோரி; அதற்குமேல் ஒரு வாய் கூடாது. ஜனங்கள் இளைத்தார்கள். இளைக்காமல்? சோறு போடாத மாமியார் வீட்டிலும்தான் இளைப்பார்கள்.

அடுத்து, நியூயார்க்கின் ஜீன் நிடெட்ச். பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்ற அந்த அம்மாள், தோழிகளைக் கூட்டி ஒப்பாரி வைத்ததில் 1963-ல் பிறந்தது வெயிட் வாட்சர்ஸ். 1978-ல் அதை வாங்கியவர்கள் யார் என்கிறீர்கள்? கெட்சப் ஹைன்ஸ்! உறையவைத்த உருளை வறுவல் விற்கும் ஓர்-ஐடாவும் அப்போது அவர்கள் கையில்தான்.

யூனிலீவர் இன்னும் பெரிய ஆள். 2000 ஏப்ரல் 12 அன்று, ஒரே நாளில் இரண்டு கம்பெனிகளை வாங்குவதாக அறிவித்தது. ஐஸ்கிரீம் விற்கும் பென் அண்ட் ஜெர்ரிஸ் 32.6 கோடி டாலர். இளைக்கவைக்கும் ஸ்லிம்ஃபாஸ்ட் 230 கோடி டாலர். பிள்ளையைக் கிள்ளுவதைவிடத் தொட்டிலை ஆட்டுவதில் ஏழு மடங்கு காசு!

இந்த ஆட்டத்தைக் கெடுக்க 2009-ல் பிரேசிலிலிருந்து வந்தார் ஆய்வாளர் கார்லோஸ் மான்டெய்ரோ. பதப்படுத்தும் விதத்தை வைத்து உணவுகளை வகை பிரித்தார். பிரித்தெடுத்த புரதம், குழம்பாக்கி, செயற்கை மணம் என்று ஆலையில் மட்டுமே சாத்தியமான சரக்கெல்லாம் ‘மிகையாகப் பதப்படுத்திய உணவு’ என்ற கடைசி வகுப்பில். சிப்ஸும் கோலாவும் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில், நல்ல பிள்ளை வேஷம் போட்டிருந்த டயட் பானமும் போய் உட்கார வேண்டியதாயிற்று.

அப்படியானால் சிப்ஸுக்கும் டயட் சரக்குக்கும் வித்தியாசமே கிடையாதா? உண்டு: பூட்டு. 2019-ல் கெவின் ஹாலின் அமெரிக்க ஆய்வில், 20 பேருக்கு வேண்டுமட்டும் சாப்பிடச் சொல்லிப் பரிமாறினார்கள். மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரமும் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. சிப்ஸ் பொட்டலம் ‘இன்னொன்று’ என்று கண்ணடிக்கும். டயட் பெட்டி முந்நூறு கலோரியோடு கதவைச் சாத்திவிடும். அதற்குத்தான் அந்த விலை.

டயட் பெட்டி வாங்குகிறவர்களே, முன்பக்கத்து ஒல்லி அழகியை விடுங்கள். பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள். அந்தக் கம்பெனி வேறென்ன விற்கிறது என்றும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.