பக்கிங்காமா, பர்மிங்காமா? மெட்டல் கச்சேரியில் தலையாட்டல் குறித்து ஓர் ஆய்வு முன்னோட்டம்

முகவுரை

தமிழில் ஓர் ஆய்வுக் கட்டுரை கரையேற வேண்டுமானால் தொடக்கத்தில் ஒரு வேர்ச்சொல் வேண்டும், நடுவில் சிலப்பதிகாரம் வேண்டும், கடைசியில் ‘மேலும் ஆய்வுக்குரியது’ என்று ஒரு வரி வேண்டும். பொருள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பட்டம் தருகிறார்கள்.

ஈண்டு எடுத்துக்கொண்ட களம் வடக்கே லஸ் முனை, தெற்கே திருவான்மியூர், மேற்கே பனகல் பூங்கா, கிழக்கே கடல். இவ்வெல்லைக்குள் ஐஐடி சாரங் விழாவின் திறந்தவெளி அரங்கும், ஜூன் ராக் அவுட் விழாவை நடத்திய அடையாறு அன்வைண்ட் சென்டரும், தியாகராய நகரில் பெயர் சொல்ல விரும்பாத சில கூடங்களும் அடங்கும். 2009 சாரங்கில் ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு வந்து உறுமிவிட்டுப் போனது இக்களத்தின் வரலாற்றில் ராஜராஜன் காலம் எனத் தகும்.

ஆய்வு முறை: இரு காதிலும் பஞ்சு. ஆகவே இசையைப் பற்றி இக்கட்டுரையில் அதிகம் இராது. இசை ஆய்வுகளில் இது புதிதன்று.

வரைவைப் படித்துப் பார்த்தவர் இருவர். ஒருவர் மந்தைவெளி மாமா; காலப்பிரமாணம் அரை இழை தளர்ந்தால் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுபவர். விஷயத்தைச் சொன்னதும், “எங்காத்துலயும் ஒண்ணு இருக்கு ஓய், ராத்திரி பூரா உறுமிண்டு” என்றார். மற்றவர் அடையாற்றில் நான் சந்தித்த கறுப்புச் சட்டை இளைஞர். இவர்களின் மறுப்புகள் உரிய இடத்தில் தரப்படும்.

பெயரியல்

மெட்டல் என்ற சொல்லின் பிறப்பறியாமல் மெட்டல் கேட்பது பாவம். மேனாட்டு அகராதிகள் இதைக் கிரேக்க ‘மெட்டல்லோன்’ வரை கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. அகராதிக்காரர் எவரும் மயிலாப்பூர்ப் பக்கம் வந்ததில்லை. மெட்டு + அல் = மெட்டல். உயிர் வந்தது, குற்றியலுகரம் ஓடியது. இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை.

பொருளில்தான் இரு கட்சி. ‘அல்’ எதிர்மறை, மெட்டு அல்லாதது மெட்டல் என்பது பாட்டிமார் கட்சி. ‘அல்’ என்றால் இரவு. இரவில் இசைப்பது மெட்டல் என்பது பேரன்மார் கட்சி. வடமொழி வேர் காட்டும் மூன்றாம் கட்சியும் உண்டு. அவர்களுக்கு எல்லாம் அங்கிருந்து வந்தது, இவர்களுக்கு எல்லாம் இங்கிருந்து போனது. சம்பளம் மட்டும் இரு சாராருக்கும் ஒரே கருவூலத்திலிருந்து வருகிறது. (காண்க: இவ்வாசிரியர், முன்பு எழுதிக் கிழித்தது.)

‘ஹெவி’ என்பது ‘ஏவி’ என்பதன் திரிபு. அதனோடு எம் சேர்ந்தால் வடபழனிக்குப் போய்விடுவோம். எல்லைக்கு அப்பால் என்பதால் விடப்பட்டது.

உடையியல்

கறுப்பு பனியன், தாடி, ஒரு மாதமாக வெட்டாத முடி. கார்த்திகை, மார்கழியில் இக்கோலத்தில் மாடவீதிகளில் நடப்பவனை ஊர் வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. தகவலாளி ஒருவனை எதிர்வீட்டு மாமி வழிமறித்து, “கன்னிச்சாமியாடா கண்ணா?” என்று கேட்டு, நெய்த்தேங்காய்க்கு ஐம்பது ரூபாய் கையில் திணித்திருக்கிறார். அவன் மறுக்கவில்லை. நுழைவுச் சீட்டுக்கு ஐம்பதுதான் குறைந்தது. (காண்க: மேற்படி மாமி, வாய்மொழி, மொட்டை மாடி, வடாம் காயும் பருவம்.)

உணவியல்

சபா கேன்டீனுக்கு நிகர் இங்கு எதுவும் இல்லை. இயல் முற்றும்.

அரங்கியல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு அளவு தருகிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல். கோல் என்பது இருபத்து நான்கு விரல். அதற்குரிய மூங்கிலும் புண்ணிய மலையில் வளர்ந்ததாய், கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி உள்ளதாய் இருக்க வேண்டும். அத்தகைய மூங்கில் கிடைக்காமையால், தெற்கு மாடவீதியில் வாங்கிய ஒட்டடைக் கம்பைச் சொந்த விரலால் அளந்து வெட்டி, தியாகராய நகர்க் கூடம் ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். வாசலில் காவலர் கம்பைப் பிடுங்க முயன்றார். இளங்கோவடிகளின் பெயரைச் சொன்னேன். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்றார்.

அளவுகள் வருமாறு. அகலம் மூன்று கோல். நீளம் இரண்டு கோல். டிரம்ஸ் வைத்த பின் அரைக் கோல். உயரம் மட்டும் சொல்லி வைத்தாற்போல் ஒரு கோல். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரு வாயில் வேண்டும் என்பது விதி. இங்கு ஒரே வாயில், அதிலும் பாதியை ஆம்ப்ளிஃபயர் அடைத்திருந்தது. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு அமைய வேண்டும் என்பது இன்னொரு விதி. இங்கே நிழல் விழவில்லை, தூணே விழுந்திருந்தது. பேஸ் கிட்டார் வாசித்தவரை அது முழுவதும் மறைத்தது. உலகெங்கும் பேஸ் வாசிப்பவர்களின் கதி இதுவே என்பதால் இதைக் குறையாகக் கொள்ளலாகாது. (காண்க: 29சி பேருந்துச் சீட்டின் பின்புறம், பென்சில் எழுத்து, முதல் இரு வரிகளே தெளிவு, எஞ்சியது மழையில் கரைந்தது.)

உடன்போக்கியல்

பெரிய குழுக்கள் சென்னையைத் தாண்டிப் பெங்களூர் போய்விடுவதால் எழுந்த துறை இது. 2007 மார்ச் 17-இல் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30-இல் மெட்டாலிக்கா, இரண்டும் அங்கே அரண்மனை மைதானத்தில். நம் பிள்ளைகள் நண்பனின் அக்காவுக்குக் கல்யாணம் என்று சொல்லி இரவு ரயில் ஏறினார்கள். அதே அக்காவுக்கு இரண்டாம் முறை கல்யாணம் வந்தபோதுதான் நற்றாய்க்கு ஐயம் தட்டியது. பாலைத்திணையின் எஞ்சிய கருப்பொருள்களைப் பட்டியலிடும் ஆசை அரும்பாடுபட்டு அடக்கப்பட்டது.

தலையியல்

இனித் தலையாய பகுதி. அபிநய தர்ப்பணம் என்னும் நாட்டிய நூல் தலையின் அசைவுகளை ஒன்பதாக வகுக்கிறது. மெட்டல் கச்சேரியில் ஒன்பதும் உண்டா? உண்டு.

சமம், அசையாத தலை: வாசல் காவலர். உத்வாகிதம், நிமிர்ந்தது: முன்னால் நிற்பவன் ஆறடி. அதோமுகம், குனிந்தது: கைபேசி. துதம், இடவலமாக மறுப்பது: சீட்டு மிச்சமிருக்கிறதா என்ற கேள்விக்கு விடை. பராவிருத்தம், முகத்தைத் திருப்பிக்கொள்வது: கடன் வாங்கிய நண்பன் எதிரே வருகிறான். உத்க்ஷிப்தம் நான் கண்டதில்லை, ஆனால் ஒன்பது வர வேண்டும்.

கம்பிதம் என்பது மேலும் கீழுமாகத் தலையை ஆட்டுவது. சினத்துக்கும் அதட்டலுக்கும் நூல் இதை விதிக்கிறது. ஹெட்பேங்கிங் எனப்படுவது இதுவே. ஆலோலிதம் என்பது தலையை வட்டமாகச் சுழற்றுவது. உறக்கம், போதை, மயக்கம், ஆவேசம் ஆகியவற்றுக்கு உரியது என்கிறது நூல். நீண்ட முடியுடையோர் காற்றாடி போல் சுழற்றுவது இது. நால்வகைப் பயனும் ஒரே மாலையில் ஒரே இளைஞனிடம் வரிசையாக வெளிப்பட்டதை நானே கண்டேன்.

கடைசியாகப் பரிவாகிதம், சாமரம் போல் இருபுறமும் மென்மையாக ஆட்டுவது. மகிழ்ச்சி, புகழ்ச்சி, ஆமோதிப்பு இவற்றுக்கு உரியது. இது டி.டி.கே. சாலைச் சபாவில் மட்டுமே விளையும் என்று எண்ணியிருந்தேன். அடையாற்றில் ஒரு குழு ஏழு எண்ணிக்கையில் வாசித்தபோது, நரகத்திலிருந்து வந்தவன் போல் உடுத்திய ஒரு பையன், கண்ணை மூடிப் பரிவாகிதம் செய்து, தொடையில் மிஸ்ர சாப்பு போட்டுக்கொண்டிருந்தான். விசாரித்ததில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவனாம். டிரம்ஸ் தனி தொடங்கியதும் பாதிக் கூட்டம் வெளியே போயிற்று. தனி ஆவர்த்தனத்துக்கும் அப்படித்தான் போகிறார்கள். இங்கே போண்டா இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

ஒருவரையொருவர் முட்டி மோதி ஆடும் ‘மாஷ் பிட்’ பற்றியும் ஒரு சொல். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவோடு இதை ஒப்பிட்டேன். மாஷ் பிட்டில் ஒருவன் விழுந்தால் சுற்றியிருப்போர் ஆட்டத்தை நிறுத்தித் தூக்கிவிடுவது ஒழுக்கம். ரங்கநாதன் தெருவில் ஒப்பீடு அத்துடன் முறிகிறது.

சுரவியல்

ஷட்ஜத்திலிருந்து ஆறு அரைச் சுரம் தாண்டினால் கிடைக்கும் இடைவெளியை மேலைநாட்டார் ‘இசையில் வாழும் சாத்தான்’ என்றார்கள். 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு, மழையும் மணியும் ஓய்ந்ததும், இந்த இடைவெளியோடுதான் தொடங்குகிறது. கேட்டவர் நடுங்கினர். நம்மூரில் அதன் பெயர் பிரதி மத்யமம். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் முப்பத்தாறு அதைச் சேர்ந்தவை. அறுபத்தைந்தாவது மேளத்தில் சாத்தான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணி என்று மங்கலப் பெயரும் வைத்துக்கொண்டு வருகிறான். மாமிகள் கண்ணீர் விடுகிறார்கள்.

இன்னும் உண்டு. ஹங்கேரிய மைனர் என்று கிட்டார் பையன்கள் பயபக்தியுடன் சொல்வது நம் சிம்மேந்திர மத்யமம். சரளி வரிசையில் பால்குடி மாறாக் குழந்தைகள் பாடும் மாயாமாளவகௌளையைத்தான் அவர்கள் இருண்ட சுரவரிசை என்று இணையத்தில் காசு கொடுத்துக் கற்கிறார்கள்.

அயலகச் சான்று: 1992-இல் சிங்கப்பூரில் தோன்றிய ருத்ரா குழு, ‘வேத மெட்டல்’ என்ற பெயரில் வடமொழிச் சுலோகங்களை உறுமுகிறது. மந்தைவெளி மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். உறுமலை அவர் பொருட்படுத்தவே இல்லை. “ஸ்வரம் சரியா இருக்கான்னு பாத்தீரா?” என்றார்.

விரலியல்

மெட்டல் ரசிகர் கையை உயர்த்தி, சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நீட்டி, நடு இரு விரல்களை மடக்கும் முத்திரையைப் பரப்பியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. கண்ணேறு கழிக்கத் தம் இத்தாலியப் பாட்டி செய்தது என்றார் அவர். பாட்டிகள் எங்கும் பாட்டிகள்தாம். மயிலாப்பூரில் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறார்கள். கட்டி முடியாத வீடுகளில் பூசணிக்காய்ப் பூதம் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்குகிறது. அதை எந்த மெட்டல் இசைத்தட்டின் அட்டையிலும் கூசாமல் அச்சிடலாம்.

ஆனால் இம்முத்திரை இத்தாலியினது அன்று. பரதத்தில் சிம்மமுகம் என்று இருக்கிறது: நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலைத் தொட, மற்ற இரண்டும் நீண்டு நிற்கும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் மரத்தடியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதைப் பிடிக்கிறார்கள்.

இங்கேதான் என் கை நடுங்கியது. பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில், பர்மிங்காமில் ஓர் உலோகத்தகட்டு ஆலையில், இரு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார், பின்னர் நரம்புகளைத் தளர்த்தினார், இசை கனத்தது. எந்த இரு விரல்கள்? நடுவிரலும் மோதிரவிரலும். 1979-இல் அதே குழுவில் சேர்ந்த டியோ மடக்கியது எந்த இரு விரல்களை? அவையேதாம். இதைத் தற்செயல் என்பவர்கள் தற்செயலாகப் பேராசிரியர் ஆனவர்கள். (காண்க: ஓலைச்சுவடி அன்று, ஓலா ரசீது, அடையாறு முதல் மந்தைவெளி வரை, ஓட்டுநரின் உரையும் அவ்வுரைக்குப் பின்னிருக்கையில் என் சிற்றுரையும், ‘கிரீன்வேஸ் சாலை’ என்னுமிடத்தில் ஏடு சிதைவு, பாடபேதம்: ‘சில்லறை இல்லை’.)

பிறப்பியல்

ஆக, தலை நம்முடையது, சுரம் நம்முடையது, விரல் நம்முடையது. ஊர் மட்டும் எப்படிப் பர்மிங்காம் ஆயிற்று? விடை எளிது. ஏடெழுதியவனின் தூக்கம். மூலத்தில் இருந்தது பக்கிங்காம்.

பக்கிங்காம் கால்வாய் மயிலாப்பூரையும் மந்தைவெளியையும் ஒட்டி ஓடுகிறது, ஓடுகிறது என்று சொல்லலாமென்றால். 1806-இல் முதலில் வடக்கே வெட்டப்பட்டது. 1878-இல் சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் பெற்றது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நம் பகுதியை வெட்டியவர்கள் 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்த கூலிகள். இது விளையாட்டன்று; பறக்கும் ரயிலில் மூக்கைப் பொத்துகிறவர்கள் ஒரு நிலையம் தாண்டும்வரை இதை நினைக்கலாம்.

அதன் நீரின் நிறம் என்ன? கறுப்பு. பனியனின் நிறம் என்ன? கறுப்பு. சப்பாத் என்பது சனிக்கிழமை, கருஞ்சனி. சனி பகவானுக்குச் சாத்துவது கறுப்பு வஸ்திரம். அந்த இசைத்தட்டு வெள்ளிக்கிழமை வெளிவந்ததே எனில், அன்று பத்தரைக்கு மேல் ராகுகாலம். அதற்குமுன் கடை திறந்ததா என்பது மேலும் ஆய்வுக்குரியது.

ஒழிபியல்

மெட்டல் கச்சேரியில் மங்களம் கிடையாது. இதற்குத் தத்துவ விளக்கங்கள் பல உள. உண்மையில், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். குழு ஒன்பதே காலுக்குத்தான் தொடங்கும்.

இக்கட்டுரையைச் சென்ற மாதம் ஒரு சிறு கூட்டத்தில் வாசித்தேன். முடித்ததும் மந்தைவெளி மாமா எழுந்தார்.

“எல்லாம் சரி ஓய். சிம்மமுகத்துல கட்டைவிரல் நுனியைத் தொடணும். உம்ம பசங்க விரல் மேலே கட்டைவிரலைப் படுக்கப் போடறா. அது சிம்மமுகமே இல்லை. உம்ம ஆராய்ச்சி மொத்தமும் தப்பு.”

பின்வரிசையில் கறுப்புச் சட்டை இளைஞர் கை உயர்த்தினார். “அங்கிள், நீங்க அளந்த அந்தக் கூடத்துல வாசிச்சது ஹெவி மெட்டலே இல்ல. டெத் டூம். அதுலயும் பழைய டெத் டூம் வேற, இப்ப வர்றது வேற. ரெண்டையும் சேர்த்து எழுதினா கட்டுரையே செல்லாது.”

மாமா திரும்பி அவரைப் பார்த்து, பரிவாகிதமாகத் தலையை ஆட்டினார். “பேஷ். பாகுபாடுன்னா அதுதான்.”

மறுப்புரை எழுதக் காகிதம் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இளைஞர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹெல்மெட்டை மாட்டியபடி மாமா ஏறி உட்கார்ந்தார்.

“மெதுவா போடா. போன தடவை காலப்பிரமாணம் ஓடிடுத்து.”